மெட்டலைஸ்டு ஃபிலிமுக்குத் தமிழில் என்ன பெயர்?

உணவுப் பொட்டலங்களுக்கு உறை செய்யும் ஒரு நிறுவனத்தின் தமிழ்க் கையேட்டைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: ‘எங்கள் உலோகமயமாக்கப்பட்ட திரைப்படம் ஈரப்பதத்தைத் தடுக்கிறது.’ மெட்டலைஸ்டு ஃபிலிம் என்பதை இயந்திரம் அப்படிப் பெயர்த்திருந்தது. சிரித்துக்கொண்டே அடித்துவிட்டேன். அடித்த இடத்தில் வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது தனிக் கதை.

பொருள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சிப்ஸ் பாக்கெட்டைக் கிழித்தால் உள்பக்கம் வெள்ளியாக மின்னுகிறதே, அதுதான். பிஸ்கட் உறை, காபித்தூள் பாக்கெட், பிறந்தநாள் பலூன், பரிசுப்பொருள் சுற்றும் தாள் எல்லாம் அதே குடும்பம். கடைத்தெருவில் இதற்கு ‘சில்வர் பேப்பர்’ என்று பெயர். இதில் வெள்ளியும் இல்லை, பேப்பரும் இல்லை. கொஞ்சம் விவரமானவர்கள் ‘ஃபாயில்’ என்பார்கள். அதுவும் சரியில்லை.

ஃபாயில் என்றால் முழுக்க முழுக்க உலோகம். அலுமினியத்தை உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி நசுக்கி மெலிதாக்கிய தகடு. ஓட்டலில் பரோட்டா மடித்துத் தருகிறார்களே, அது. லத்தீனில் இலைக்கு ஃபோலியம் என்று பெயர். ஃபாயில் அதன் வழிவந்த சொல். இதற்கு நம்மிடமே ஒரு சொல் இருக்கிறது: ரேக்கு. தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டுவது தங்க ரேக்கு. தெலுங்கில் ரேக்கு என்றால் பூவிதழ். அங்கே இலை, இங்கே இதழ். உலோகத்தை மெலிதாகத் தட்டிப் பார்த்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் செடிதான் ஞாபகம் வந்திருக்கிறது. ஆகவே ஃபாயிலை அலுமினிய ரேக்கு என்று எழுதிவிடலாம், தகராறு இல்லை.

மெட்டலைஸ்டு ஃபிலிம் வேறு இனம். அதற்கு உடம்பு பிளாஸ்டிக், மேலே உலோகம் பேருக்குத்தான். வித்தியாசம் கையிலேயே தெரியும். பரோட்டாத் தாளைக் கசக்கினால் கசங்கியபடியே கிடக்கும். சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்கிக் கையை எடுத்தால் மொறமொறவென்று விரிந்துகொள்ளும். இன்னொரு சோதனையும் உண்டு. அச்சடிக்காத ஒரு பக்கத்தைக் கைபேசி டார்ச்சின் மேல் வைத்துப் பாருங்கள். நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் வெளிச்சம் மங்கலாகக் கசியும். ரேக்கில் அப்படிக் கசியாது. ஊசித்துளை இருந்தால் அந்தப் புள்ளியில் மட்டும் தெரியும்.

கனத்தைச் சொன்னால் இன்னும் விளங்கும். தலைமுடியின் குறுக்களவு சுமார் 70 மைக்ரான். சமையலறை அலுமினிய ரேக்கு 10 மைக்ரானுக்குச் சற்று மேலே. பொட்டலத்துக்கு ஆகும் பாலியஸ்டர் தாள் பெரும்பாலும் 12 மைக்ரான். அதன்மேல் இருக்கும் அலுமினியமோ 30 முதல் 50 நானோமீட்டர்தான், அதாவது ரேக்கின் கனத்தில் இருநூறில் ஒரு பங்கைப் போல. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 40 நானோமீட்டர் கனத்தில் பரப்பினால் ஒரு கிலோ அலுமினியம் இரண்டு ஏக்கருக்கு மேல் வரும். ஒரு சிப்ஸ் பாக்கெட்டில் இருப்பது சில மில்லிகிராம். பழைய இரும்புக் கடைக்காரர் அலுமினியப் பாத்திரத்தை எடைபோட்டு வாங்கிக்கொண்டு, சிப்ஸ் பாக்கெட் மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இவ்வளவு மெல்லிய உலோகத்தைத் தூரிகையால் பூச முடியாது, ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். இட்லிப் பானை மூடியின் அடியில் நீராவி துளித்துளியாகப் படிகிறதே, அதே சங்கதி. காற்றை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சி எடுத்த ஒரு பெரிய இரும்பு அறை. உள்ளே வரிசையாகச் சின்னப் பீங்கான் தொட்டிகள், தொழிலில் அவற்றுக்குப் ‘போட்’ என்று பெயர். மின்சாரத்தால் அவை 1,400 டிகிரிக்கு மேல் கனன்றுகொண்டிருக்க, அலுமினியக் கம்பி நுனி அவற்றின்மேல் இறங்கிக்கொண்டே இருக்கும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். அந்தச் சூட்டிலும் வெற்றிடத்திலும் ஆவியாகி எழும்பும். மேலே குளிரூட்டிய உருளையை ஒட்டியபடி பிளாஸ்டிக் தாள் நிமிடத்துக்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆவி அதில் பட்ட மாத்திரத்தில் உறைந்து உலோகமாகிவிடுகிறது. தாள் உருகாமல் தப்பிப்பது அந்த வேகத்தாலும், முதுகுக்குப் பின்னால் இருக்கும் குளிராலும்.

இனி சொல்லுக்கு வருவோம். ஃபிலிம் என்பது பழைய ஆங்கிலத்தில் மெல்லிய தோல், சவ்வு. கண்ணில் விழும் படலத்துக்கும் அந்தச் சொல்தான். பிறகு புகைப்படத் தகட்டின் மேல் பூசிய ரசாயனப் படலத்துக்கு ஆகி, புகைப்படச் சுருளுக்கு ஆகி, கடைசியில் தியேட்டரில் போய் உட்கார்ந்துகொண்டது. நம்முடைய ‘படம்’ வந்த வழியும் இதுவேதான். படம் என்றால் முதலில் சீலை. சீலையில் எழுதிய சித்திரம் படமாயிற்று, எந்தச் சித்திரமும் படமாயிற்று, பிறகு சினிமா. ஒன்று தோலில் புறப்பட்டது, மற்றது துணியில் புறப்பட்டது. இரண்டும் ஒரே கொட்டகையில் சந்தித்துக்கொண்டன. இயந்திரம் தடுக்கி விழுந்தது அந்தக் கொட்டகை வாசலில்தான். மெட்டல் கிரேக்கத்தில் சுரங்கத்தைக் குறித்த சொல். அதில் நமக்கு வில்லங்கம் ஏதும் இல்லை.

அறிவியல் நூல் வழக்கப்படி ‘உலோகப்பூச்சுப் படலம்’ என்று எழுதலாம். பாடப்புத்தகத்துக்கு அது போதும், தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கும். உலோகத்தை மாழை என்று சொல்லும் தனித்தமிழ் அன்பர்கள் ‘மாழைப் படலம்’ என்றால் நானும் ஆட்சேபிக்க மாட்டேன். ஆனால் கேட்பவர் கம்பராமாயணத்தில் அது எந்தக் காண்டத்தில் வருகிறது என்று கேட்கக்கூடும். எனக்கு இதில் இரண்டு சங்கடம். பூச்சு என்றதும் ஈரமும் தூரிகையும் மனதில் வந்துவிடுகின்றன. அதோடு, படலம் எது? அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கா, மேலே படிந்த உலோகமா? இயற்பியல்காரர்கள் அந்த 40 நானோமீட்டரைத்தான் மென்படலம் என்பார்கள்.

முலாம் என்று சொன்னால்? அரபியிலிருந்து உருது வழியாக வந்த நல்ல சொல். ஆனால் அது உலோகத்தின்மேல் உலோகம் ஏற்றுவது. பித்தளை வளையலுக்குத் தங்க முலாம். போதாததற்கு, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று ஆளை ஏசுவதற்கும் முலாம் என்ற சொல்லை வைத்திருக்கிறோம். ஈயம் பூசுவதும் பாத்திரத்தோடு நின்றுவிடுகிறது.

ஜிகினா இருக்கிறது. கூத்துக்காரர் கிரீடத்தில், தேர்ச்சீலையில், கல்யாணப் பந்தலில் மின்னுவதெல்லாம் ஜிகினா. அதற்கு முன்னால் காக்காப்பொன் என்றார்கள். மைக்காச் செதிலுக்கும் பளபளக்கும் போலித் தகட்டுக்கும் பொதுவான பெயர். இன்று விற்கும் ஜிகினாத் தூள் உண்மையில் இதே உலோகம் ஏறிய பிளாஸ்டிக் தாளைப் பொடிப்பொடியாக வெட்டியதுதான். (நுண்பிளாஸ்டிக் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் அவ்வகைத் தூளின் விற்பனையைத் தடை செய்தது.) ஆனால் ஜிகினா என்றாலே வெறும் மினுக்கு. இந்தத் தாள் மினுக்குக்காக மட்டும் இருப்பதில்லை. வெறும் பாலியஸ்டர் தாள் வழியாகக் கசியும் ஆக்சிஜனை, மேலே அலுமினியம் ஏறியதும் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. வறுவல் சிக்கடிக்காமல் இருப்பது அதனால். அதை ஜிகினா என்றால் அந்தத் தாளுக்கே கோபம் வரும்.

இப்படி எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே வந்தபோது, முகம் கழுவப் போன இடத்தில் சொல் எதிரே நின்றது. ரசம் போன கண்ணாடி.

ஒளி புகும் ஒரு தாளின் முதுகில் மெல்லிய உலோகத்தை ஏற்றினால் அதற்குத் தமிழன் வைத்த பெயர் ரசம். அந்தக் காலத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளீயத்தையும் பாதரசத்தையும் கலந்து ஏற்றினார்கள்; ரசம் என்பது பாதரசத்தின் சுருக்கம். 1835-இல் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலர் வெள்ளியைப் படியவைக்கும் முறையைக் கண்டார். பாதரசம் மெல்ல விடைபெற்றது. பின்னர் அலுமினியமும் வந்தது. திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடிக்கு, அங்கேயே உள்ள வெற்றிட அறையில் அலுமினியத்தை ஆவியாக்கித்தான் புதுப்பிக்கிறார்கள். சிப்ஸ் பாக்கெட்டுக்குச் செய்யும் அதே வேலை, அளவும் நேர்த்தியும்தான் வேறு. பாதரசம் போய் வெள்ளி, வெள்ளி போய் அலுமினியம். மூன்று உலோகம் மாறியும் ‘ரசம்’ மாறவில்லை. அப்படியிருக்க, கண்ணாடி போய்ப் பிளாஸ்டிக் வந்தால் மட்டும் என்ன கெட்டுவிடும்? ‘ரசத்தாள்’ என்றே எழுதலாம் என்பது என் கட்சி. சாப்பாட்டு ரசத்தோடு குழம்பாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ரசம் போன கண்ணாடியைப் பார்த்து இதுவரை யாரும் அப்பளம் கேட்டதில்லை.

ரசத்தாளின் பெரிய பேர் விண்வெளியில்தான். 1960 ஆகஸ்டில் அமெரிக்கா ஏவிய எக்கோ 1, சுமார் 30 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு பலூன். அலுமினியம் ஏறிய மைலார் தாளால் ஆனது. ரேடியோ அலைகளைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் வெயில் மறைப்பும் ஐந்து அடுக்கு ரசத்தாள். சந்திரயான் படங்களைப் பார்த்துவிட்டு ‘தங்கத் தகடு போர்த்தியிருக்கிறார்கள்’ என்று சிலர் எழுதினார்கள். விண்கலங்களில் பெரும்பாலும் தங்கம்போல் தெரிவது பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கின் இயற்கையான தேன்நிறம். முதுகில் இருப்பது அலுமினியம். காற்றில்லாத இடத்தில் வெப்பம் கதிராக மட்டுமே வந்துபோக முடியும். அடுக்கடுக்காக இருக்கும் ரசம் அதைத் திருப்பிவிடுகிறது. மலையேறுபவர்களும் மாரத்தான் ஓடியவர்களும் போர்த்திக்கொள்ளும் வெள்ளிப் போர்வையும் அந்த வழியில் வந்ததே. இந்த ஒன்றுக்கு மட்டும் எனக்கு வேறு ஆசை உண்டு. மயில் குளிரில் நடுங்குகிறது என்று பேகன் போர்த்தினானே, அந்தப் ‘படாம்’ சும்மாதானே கிடக்கிறது?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். சிப்ஸ் பாக்கெட் வழியாகக் கிரகணம் பார்க்காதீர்கள். அதற்கென்று செய்த தாள் சூரிய ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் விடும். பொட்டலத் தாள் நூறில் ஒன்று முதல் ஆயிரத்தில் ஒன்று வரை விட்டுவிடும். கண் போய்விடும்.

சேலைக்கு வந்தால் என் ரசத்தாள் செல்லாது. அங்கே சரிகைதான் ராஜா. பாரசீகத்தில் ஸர் என்றால் பொன். அதிலிருந்து வந்த சொல். அசல் காஞ்சிபுரம் சரிகையில் சிவப்புப் பட்டு நூலைச் சுற்றி வெள்ளி இழை, அதன்மேல் தங்க முலாம். நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். அனுபவப்பட்ட அத்தைமார்கள் கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பும்போது செய்துபார்ப்பது அதைத்தான். மலிவு விலைச் சேலையில் ஓடுவது ரசத்தாளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் நாடாவாகக் கீறியது. வெள்ளை ரசத்தின்மேல் மஞ்சள் அரக்குச் சாயம், பார்க்கத் தங்கம். நுனியைக் கொளுத்தினால் உருகி மணிபோல் சுருளும். பொன் ஒரு துளிகூட இல்லாமல் பொன்னின் பெயரைச் சுமந்துகொண்டு கல்யாணங்களுக்குப் போய்வருகிறது.

ரசத்தாள் என்ற பெயர் தாங்குமா என்று எனக்கே இருந்த சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது எங்கள் வீட்டு மின்விசிறி. ஐந்தில் வைத்தாலும் சோம்பலாகச் சுற்றியது. சில நாளில் கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்பியது. எலக்ட்ரீஷியன் வந்து, “கன்டென்சர் வீக் ஆயிருச்சு சார்” என்று வழக்கம்போல் சொல்லி, 2.5 மைக்ரோஃபாரட் கறுப்புப் பெட்டி ஒன்றை மாட்டினார். பழையதை வாங்கி வைத்துக்கொண்டேன். கன்டென்சரின் உள்ளே இருப்பது ரசம் ஏறிய பாலிபுரொப்பிலீன் தாள். இரண்டு தாளைச் சேர்த்து இறுக்கிச் சுருட்டியிருப்பார்கள். தாளில் எங்காவது பலவீனமான இடத்தில் மின்சாரம் துளைத்துக்கொண்டு பாய்ந்தால், அந்தச் சூட்டில் சுற்றியுள்ள உலோகம் ஆவியாகிப் போய்விடும். துளை தனித்து நின்றுவிடும், மற்ற இடம் வேலை செய்யும். தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் இது. ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பரப்பு போகும். வருடக்கணக்கில் போய்ப்போய் விசிறி தளர்ந்துவிடும்.

சுத்தியலால் பெட்டியை உடைத்து, பிசினைப் பெயர்த்து, சுருளைத் தரையில் உருட்டி விரித்தேன். வெள்ளி நாடா நெடுக ஊசிமுனையளவு கண்ணாடிப் புள்ளிகள். ஓரங்களில் நீளநீளமாக வெளுத்துப்போன திட்டுகள், அவற்றின் வழியே தரையின் சிமெண்ட் தெரிந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கி ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டிருந்தவர் குனிந்து பார்த்தார். நான் வாயே திறக்கவில்லை.

“அட, பூரா ரசம் போயிருக்கு பாருங்க” என்றார்.