துலாபாரத்தில் ஒளிந்திருக்கும் லத்தீன் வினை

'சும' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமக்கிறேன், சுமந்தேன், சுமப்பேன் என்று எந்தக் காலத்துக்குப் போனாலும் அடிச்சொல் அப்படியே நிற்கிறது. லத்தீனில் கதை வேறு. சுமக்கிறேன் என்றால் 'ஃபெரோ'. சுமந்தேன் என்றால் 'துலி'. சுமக்கப்பட்டது என்றால் 'லாதும்'. லத்தீன் படிப்பவர்கள் மூன்றையும் நெட்டுருப் போட வேண்டியதுதான்.

உண்மையில் இவை இரண்டு வேர்களின் பிள்ளைகள். ஃபெரோவின் வேர், லத்தீனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுத் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் மூச்சுக்காற்று கலந்த 'ப' ஒலியில் தொடங்கியது. சமஸ்கிருதம் அந்த ஒலியைக் காப்பாற்றிக்கொண்டது. லத்தீனில் அது சொல்லின் முதலில் 'ஃப' ஆனது. அங்கே 'ஃபிராத்தர்', இங்கே 'பிராதா' என்று சகோதரன் இருப்பதும் இதனால்தான். இந்த வேரிலிருந்து சமஸ்கிருதத்தில் பிறந்தது 'பார'. நம் பாரம் அங்கிருந்து வந்தது.

துலிக்கும் லாதுமுக்கும் தூக்குதல், தாங்குதல் என்று பொருள்படும் இன்னொரு வேர். லாதும் முதலில் 'த்லாதும்' ஆக இருந்தது. சொல்லின் முதலில் 'த்ல' வருவது லத்தீன் நாக்குக்கு ஒத்துவராததால் 'த்' உதிர்ந்தது. துலியும் முன்பு 'தெதுலி'தான். கி.மு. 200 வாக்கில் நாடகம் எழுதிய பிளாட்டஸிடம் அந்தப் பழைய வடிவத்தைப் பார்க்கலாம். இதே வேரின் சமஸ்கிருத வாரிசு 'துலா', அதாவது தராசு. ஆக, குருவாயூரில் வாழைப்பழத்தை எடைக்கு எடை வைத்துக் கொடுக்கும் துலாபாரத்தில் அந்த இரண்டு வேர்களும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கின்றன!

சரி, ஏன் இந்தக் கலப்பு? முதல் வேர், நடந்துகொண்டே இருக்கும் செயலைக் குறித்தது. முடிந்துபோன செயலைச் சொல்ல அதற்கு வடிவம் இல்லை என்பது மொழியியலாளர் தரும் விளக்கம். கிரேக்கத்திலும் இதன் உடன்பிறப்பான 'ஃபெரோ' இறந்தகாலத்துக்கு வேறு வேரைத்தான் நாடுகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஆஸ்தாஃப் 1899இல் இத்தகைய கலப்பைத் தனியாக ஆராய்ந்து பெயரும் சூட்டினார். ஆங்கிலத்தின் 'கோ', 'வென்ட்' இதே ரகம்.

டிரான்ஸ்ஃபர், டிரான்ஸ்லேஷன் இரண்டும் ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்தவை என்றால் நம்பச் சிரமம்தான். முன்னதில் ஃபெரோ, பின்னதில் லாதும்.

இந்தக் கலப்பில் நஷ்டப்பட்டது 'தூக்கு' என்று பொருள்படும் 'தொல்லோ' என்ற இன்னொரு லத்தீன் வினை. துலி அதற்குச் சொந்தமான இறந்தகாலம். அதை ஃபெரோ எடுத்துக்கொண்டதால், தொல்லோ முன்னொட்டு ஒன்றைச் சேர்த்து 'சுஸ்துலி' என்று காலம் தள்ளியது.