பிள்ளை தூங்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?

"பிள்ளை பெத்தவளுக்கு ஏது தூக்கம்?" மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்கு வரும் பாட்டிமார் சிரித்துக்கொண்டே இப்படிச் சொல்வார்கள். பெரும்பாலோருக்கு அது சரிதான். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடுவதால் பகலிலேயே கண் சொக்கும். கடைசி மூன்று மாதம் நெஞ்செரிச்சல், அடிக்கடி சிறுநீர், படுத்தால் காலில் குறுகுறுப்பு. (காலில் இந்தத் தொல்லை இருந்தால் இரும்புச்சத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.)

ஆனால் ஏற்கெனவே மனச்சோர்வு நோயோ, மனம் சில காலம் அளவுமீறிப் பொங்கி சில காலம் சோர்ந்துவிடும் பைபோலார் நோயோ உள்ள பெண்ணின் தூக்கத்தை அப்படிச் சிரித்துத் தள்ள முடியாது. எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதோடு நான் நிறுத்துவதில்லை. பிள்ளை தூங்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருகிறதா என்றும் கேட்பேன். உடம்பு அசந்துபோய், பிள்ளையும் தூங்கி, அப்போதும் கவலையில் கண் மூட முடியவில்லை என்றால் மனச்சோர்வு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதைவிட என்னைப் பயமுறுத்துவது இன்னொன்று. இரண்டு மணி நேரம்தான் தூங்கியிருப்பார், களைப்பே இருக்காது. விடியுமுன் வீடு முழுக்கக் கழுவிவிட்டு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். மாமியார் "சுறுசுறுப்பான மருமகள்" என்று மெச்சுவார். பைபோலார் உள்ளவருக்கு அது மேனியாவின், அதாவது மனம் அளவுமீறிப் பொங்கும் கட்டத்தின், தொடக்கமாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனப்பிறழ்வு ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில்தான் வரும். பைபோலார் உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பிக்கும். குழப்பம், இல்லாத குரல் கேட்பது, பிள்ளையைப் பற்றி விபரீத எண்ணம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள், தாயையும் பிள்ளையையும் தனியாக விடாதீர்கள்.

எனவே ராத்திரியை யார் பார்ப்பது என்று பிரசவத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். தனியார் துறையில் தகுதியுள்ள கணவருக்கு 2023 முதல் ஏழு நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அந்த ஏழு நாளும் விருந்தாளிகளுக்கு மைலோ கலக்குவதிலேயே போய்விடுகிறது! பிழிந்து வைத்த பாலையோ மாவுப்பாலையோ ஒரு வேளை அவர் கொடுத்தால் தாய்க்குத் தொடர்ந்து நாலைந்து மணி நேரம் தூக்கம் கிடைக்கும். பகலில் தூங்கினால் உடம்பில் நீர் கோர்க்கும் என்று சில வீடுகளில் எழுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம், மருந்து. கர்ப்பம் என்று தெரிந்ததும் தானாக நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்தினால் நோய் திரும்பலாம். பைபோலாருக்குக் கொடுக்கும் சோடியம் வால்புரோயேட் என்ற மருந்து கருவைப் பாதிக்கும். அதைச் சாப்பிடுகிறவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசி மாற்ற வேண்டும், ஏற்கெனவே கர்ப்பமென்றால் உடனே போய்ப் பார்க்க வேண்டும். பைபோலாருக்கான இன்னொரு மருந்து லித்தியம்; அதைச் சாப்பிட்டால் ரத்தப் பரிசோதனை அடிக்கடி தேவைப்படும்.

பலர் பழைய நோயை எங்களிடம் மறைத்துவிடுகிறார்கள். சொன்னால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அனுப்பமாட்டோம். முதல் பதிவன்றே சொல்லிவிடுங்கள், மருந்தின் பெயரையும் கர்ப்பப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பிரசவ வார்டில் இருப்பவர்களுக்கு உங்களைத் தெரியாது, அந்தப் புத்தகத்தைத்தான் பார்ப்பார்கள்.