தோள் தையல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், தம்பி

ஒரு வியாழக்கிழமை மாலை, கடை மூடுகிற நேரத்தில் ஒரு தம்பி இரண்டு பெரிய பைகளோடு வந்தார். முதுமாணிப் படிப்புக்காகக் கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு வந்து ஆறு மாதம். அடுத்த திங்கட்கிழமை முதல் தடவையாக முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு டியூட்டோரியல் எடுக்கப் போகிறார். "அண்ணை, போடுறதுக்கு ஒண்டுமில்லை. ஒரு கோட் தைக்க எவ்வளவு முடியும்?" என்று கேட்டார். பைகளைத் திறந்தால் உள்ளே 11 சேர்ட்.

நான் கோட்டைப் பற்றிப் பேசவில்லை. அவர் போட்டிருந்த சேர்ட்டைப் பார்த்தேன். நல்ல துணி, அவருடைய நிறத்துக்குப் பொருந்தும் நீலம். ஆனால் தோள் தையல் தோளில் நிற்காமல் கைப்பக்கம் இரண்டு விரல் இறங்கிக் கிடந்தது. கை மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கையில் ஏறியிருந்தது. அண்ணனுடைய உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்த சின்னப் பிள்ளை மாதிரி ஒரு தோற்றம். 26 வயதுப் பிள்ளைக்குத் தன் உடம்பிலேயே நம்பிக்கை இல்லாமல் போவதற்கு இந்த இரண்டு விரல் போதும்.

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஓர் ஒழுங்கையில் 22 வருடமாகத் தைக்கிறேன். கொழும்புப் பல்கலைக்கழகம், கட்டுபெத்தயிலுள்ள மொறட்டுவைப் பல்கலைக்கழகம், நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகம் என்று மூன்று பக்கமிருந்தும் பட்டப்பின் படிப்புப் பிள்ளைகள் வருகிறார்கள். பெரும்பாலும் ஒரே முறைப்பாடுதான்: போட ஒன்றுமில்லை. உடுப்பு இல்லாமல் இல்லை. உடம்புக்கு அளவாக ஒன்றும் இல்லை. அளவில்லாததை அளவாக்காமல், அதன்மேல் இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று வாங்கிக்கொண்டே போகிறார்கள். உதவித்தொகையிலும் டியூஷன் காசிலும் வாழ்கிற பிள்ளைகள் இப்படிச் செலவழிப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பட்டப்பின் படிப்பு மாணவனின் நாள் தனியானது. காலையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறான். பத்து மணிக்கு ஆய்வுகூடத்தில் குனிந்து வேலை. மதியம் தன்னைவிட ஐந்து வயது குறைந்த மாணவர்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். மூன்று மணிக்கு மேற்பார்வையாளரின் குளிரூட்டிய அறை. மாலையில் நண்பர்களோடு காலிமுகத்திடல். இத்தனைக்கும் ஒரே உடுப்பு. கோட் போட்டால் பஸ்ஸிலேயே அவிந்துபோவான். எழுத்து அச்சடித்த ரீசேர்ட்டில் போனால், பின்வரிசைப் பிள்ளைகள் இவனைத் தங்களில் ஒருவன் என்றே நினைப்பார்கள். இரண்டுக்கும் நடுவே, இலேசாகவும் எடுப்பாகவும் இருக்கிற உடுப்புதான் வேண்டும். அந்த எடுப்பு அளவிலிருந்துதான் வருகிறது.

அளவு என்றால் முதலில் தோள். உங்கள் தோள் முடிந்து கை தொடங்கும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். சேர்ட்டின் தோள் தையல் அந்த மேட்டின் மேல் நிற்க வேண்டும். அரை விரல் அங்கே இங்கே போனால் பரவாயில்லை. தோள் சரியாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் என்னால் திருத்தித் தர முடியும். நெஞ்சுப் பக்கமோ வயிற்றுப் பக்கமோ லூசாக இருந்தால் பக்கத் தையலைப் பிரித்து உள்ளே எடுக்கலாம். கை நீளமென்றால் கஃப்பைக் கழற்றி, வெட்டி, திரும்பப் பொருத்தலாம். கீழே நீளமென்றால் மடித்துத் தைப்பது பத்து நிமிட வேலை. தோள் பெரிதாக இருந்தால் மட்டும் கையைக் கழற்றி, தோளை வெட்டி, கைக்குழியை மறுபடி வரைந்து தைக்க வேண்டும். புதிதாக ஒரு சேர்ட் தைக்கிற மாதிரியான வேலை அது. கூலியும் அப்படித்தான் வரும், அப்படிச் செய்தும் முழுத் திருப்தி கிடைக்காது. கழுத்தும் ஏறக்குறைய அதே கதைதான். அதனால் கடையில் உடுத்திப் பார்க்கும்போது வயிற்றைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள். கொலர் பொத்தானைப் பூட்டி உள்ளே இரண்டு விரல் போகிறதா என்று பாருங்கள். பிறகு பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரிக் கையை உயர்த்துங்கள். ஒரு தரம் உட்கார்ந்து எழும்புங்கள். கண்ணாடிக்கு முன்னால் விறைத்து நிற்கும்போது எல்லாச் சேர்ட்டும் நன்றாகத்தான் இருக்கும்.

தோள் இறங்கிக் கிடக்கிற மாதிரியே வெட்டிய பெரிய சேர்ட்டுகள் இப்போது கடைகளில் நிறைய வருகின்றன. அது பிழையில்லை. அந்தச் சேர்ட்டில் நெஞ்சு, கை, நீளம் எல்லாமே அதற்கேற்ற மாதிரி வெட்டியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்கு எடுப்பாக இருக்கும். வகுப்பெடுக்கப் போடாதீர்கள்.

நம் பிள்ளைகளின் தோள் பிரச்சினைக்கு இந்த ஊரிலேயே ஒரு காரணம் உண்டு. இலங்கையின் ஆடைத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் தைப்பவை. ஏற்றுமதியில் மிஞ்சியவை லேபிள் வெட்டப்பட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வருகின்றன. துணி தரமானது, விலையும் குறைவு, நானே வாங்கச் சொல்லுவேன். ஆனால் அந்த மீடியம் நம் மீடியம் இல்லை. தோள் அகலம், கை நீளம். எழுத்தை நம்பாமல் ஓர் அளவு குறைத்தும் போட்டுப் பாருங்கள். அந்தத் தம்பியின் பையில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

சரி, துணிக்கு வருவோம். கொழும்பில் பகல் வெப்பம் 30, 31 பாகை. கடல் பக்கத்து ஈரக்காற்று வியர்வையைக் காயவும் விடாது. ஒரு துணி எவ்வளவு ஈரத்தை உறிஞ்சும் என்பதற்குத் துணித் துறையில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். காய்ந்த நூல் தன் எடையில் எத்தனை சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது என்பதுதான் அது. பருத்திக்குச் சுமார் 8.5 சதவீதம், லினனுக்குச் சுமார் 12. பொலியஸ்டருக்கு 0.4 மட்டும். சாதாரண பொலியஸ்டர் சேர்ட்டில் பம்பலப்பிட்டிச் சந்தியில் இறங்கி வளாகம்வரை நடந்துபோனால் வியர்வை முதுகிலேயே ஒட்டிக்கிடப்பது இதனால்தான். விளையாட்டு உடுப்பில் வேறு விதமாக நெய்து அதைச் சமாளிக்கிறார்கள், சேர்ட் துணியில் அது இருக்காது.

கடையில் முழுப் பருத்தி என்று சொன்னால் மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒருமுறை நானே ஒரு கடையில் அப்படி நம்பி 20 மீற்றர் எடுத்துவந்து ஏமாந்தேன். அதற்குப் பிறகு நூல் எரித்துப் பார்க்காமல் துணி எடுப்பதில்லை. ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவி, திறந்த இடத்தில், கவனமாக நெருப்பு வையுங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பொலியஸ்டர் உருகிச் சுருண்டு கறுத்த மணியாக இறுகும். இரண்டும் நடந்தால் கலப்புத் துணி, டீசி என்று சொல்வது அதைத்தான். டீசி கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். போடிங்கில் அயர்ன் பண்ண நேரமில்லாத பிள்ளைக்கு அது வசதி. ஆனால் பாதிக்கு மேல் பருத்தி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

புறக்கோட்டைக் கெய்சர் வீதிக்குப் போனால் துணி மலைபோலக் கிடக்கும். அரைக்கை சேர்ட்டுக்கு 44 அங்குல அகலத் துணியில் சுமார் இரண்டு மீற்றர் வேண்டும், முழுக்கைக்கு அதைவிட அரை மீற்றர்வரை கூட. வாங்கிய துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவிட்டு, நிழலில் காயவைத்துவிட்டுத்தான் தைக்கக் கொடுக்க வேண்டும். நெசவில் இழுத்துப் பிடித்திருந்த நூல் தண்ணீர் பட்டதும் தன் பழைய நீளத்துக்குத் திரும்பும். இந்தச் சுருக்கத்தை ஆலையிலேயே எடுத்துவிடும் முறைக்கு 1930ஆம் ஆண்டளவில் சான்போர்ட் கிளூயட் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றார். சில துணிகளின் ஓரத்தில் 'சன்போரைஸ்ட்' என்று அச்சிட்டிருப்பது அவருடைய பெயரிலிருந்து வந்ததுதான். அந்த முத்திரை இருந்தாலும் நான் நனைத்துத்தான் தைப்பேன்.

நிறம் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அது அவரவர் விருப்பம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இள நீலமும் இளஞ் சாம்பலும் வியர்வையை ஊருக்கே காட்டிவிடும். வெள்ளை, கடும் நீலம், சின்னச் சின்னக் கட்டம் போட்டது ஆகியவற்றில் தெரியாது. முன்னால் நின்று பேசப்போகிற நாளில் இது பெரிய ஆறுதல்.

எத்தனை வேண்டும் என்று கேட்டால், என் கணக்கில் ஐந்து சேர்ட்டும் மூன்று நீளக் காற்சட்டையும் போதும். சேர்ட்டில் இரண்டு முழுக்கை, முழங்கைவரை மடித்துவிடக்கூடிய பொப்ளின் அல்லது சம்ப்ரே போன்ற இலேசான பருத்தித் துணியில். ஒக்ஸ்போர்ட் துணி நம் வெயிலுக்குக் கொஞ்சம் தடிப்பு. இரண்டு அரைக்கை, அதில் ஒன்று லினனும் பருத்தியும் கலந்தது. அது கசங்கும், கசங்கினாலும் அழகுதான். ஐந்தாவதாக ஒரு கைத்தறியோ பத்திக்கோ வைத்திருங்கள். மாநாட்டு விருந்துக்கு வேறொன்றும் தேவைப்படாது. வெளியே விட்டு உடுத்துகிற சேர்ட்டின் நீளம் காற்சட்டை சிப்பின் நடுவோடு நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஆள் கட்டையாகத் தெரிவான். காற்சட்டையில் ஒன்று கடும் நீலம், ஒன்று மண்நிறம், மூன்றாவது கிழியாத, வெளிறாத டெனிம். கோட் கட்டாயம் வேண்டுமென்றால் லைனிங் இல்லாத பருத்திக் கோட். லைனிங் பெரும்பாலும் பொலியஸ்டர்தான், வெளியே எவ்வளவு நல்ல துணி போட்டாலும் உள்ளே அடுப்பு.

டெனிமைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். தொடையோடு ஒட்டிய டெனிமை நாள் முழுக்கப் போட்டு, மழையில் நனைந்து, அது காயாமலே மறுநாளும் போட்டு, தொடையிடுக்கில் படை வந்த பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். டொக்டர் சொன்ன பிறகு, வெட்கத்தோடு மெதுவாக "கொஞ்சம் லூசாக்கித் தாங்கோ" என்று வருவார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் டெனிமின் இரட்டைத் தையலில் விட்டுக்கொடுக்கத் துணி இருக்காது, என்னால் லூசாக்க முடியாது. வாங்கும்போதே, உட்கார்ந்த நிலையில் தொடைத் துணியை இரண்டு விரலால் கிள்ளி எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே அரிப்பு இருந்தால் பார்மசியில் ஏதோ ஒரு கிறீம் வாங்கிப் பூசாமல் டொக்டரிடம் போங்கள்.

தோய்க்கிற விஷயத்தில் ஒன்றுதான். அக்குளில் மஞ்சள் கறை வருவது வியர்வையும், வியர்வையை அடக்க அக்குளில் பூசுகிறவற்றில் உள்ள அலுமினியமும் சேர்வதால். அதற்குக் குளோரின் போட்டால் மஞ்சள் கூடும். கழற்றியவுடன் தண்ணீரில் அலசிப் போட்டாலே பாதிக் கறை பிடிக்காது. ஐப்பசி மழையில் அறைக்குள்ளே கொடி கட்டுகிற பிள்ளைகள் சேர்ட்டுக்கும் சேர்ட்டுக்கும் ஒரு கை இடைவெளி விட்டு, மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். நெருக்கிப் போட்டால் வருகிற அந்தப் புளித்த மணத்தை எந்த வாசனைத் திரவியமும் மறைக்காது.

அந்தத் தம்பியின் 11 சேர்ட்டையும் ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி ஊசி குத்திப் பார்த்தோம். ஆறுக்குப் பக்கத் தையல் எடுத்தேன். இரண்டுக்குக் கீழே வெட்டி மடித்தேன். மூன்றின் தோளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை, ஊரில் இருக்கிற பெரிய உடம்புக்கார அண்ணனுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். மொத்தக் கூலி, கோட் தைக்கிற கூலியில் மூன்றில் ஒன்றுகூட வரவில்லை. சனிக்கிழமை வந்து ஒன்றைப் போட்டுப் பார்த்தவர் கண்ணாடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "இது என்ரை பழைய சேர்ட்தானே அண்ணை?" என்று கேட்டார்.

காற்சட்டையை மட்டும் அன்றைக்கு முடித்துக் கொடுக்க முடியவில்லை, செருப்போடு வந்திருந்தார். சப்பாத்துக் குதியின் உயரத்தைக் கணக்கெடுக்காமல் கால் நீளம் வெட்டினால் முக்கால் அங்குலமாவது குறைந்து கணுக்கால் தெரியும், வெட்டிய துணியைத் திரும்ப ஒட்டவும் முடியாது. நீங்கள் எந்தத் தையல் கடைக்குப் போனாலும், வகுப்புக்குப் போடுகிற சப்பாத்தைப் போட்டுக்கொண்டே போங்கள்.