சொல் விளக்கம்: ஐஸ்கோ

பெயரைக் கேட்டால் ஏதோ குளிர்சாதனக் கம்பெனி போல இருக்கும். ‘இன்னர்மோஸ்ட் ஸ்டேபிள் சர்க்குலர் ஆர்பிட்’ என்பதன் முதலெழுத்துகள்தான் ஐஸ்கோ. கருந்துளையை நெருங்கும் ஒரு பொருள், உள்ளே சரிந்துவிடாமல் நிம்மதியாக வட்டமடிக்கக்கூடிய கடைசி இடம் அது.

ஆர்பிட் என்பதன் மூலம் ‘ஆர்பிட்டா’ என்ற இலத்தீன் சொல். வண்டிச் சக்கரம் மண்ணில் பதித்த தடம் என்று பொருள். தமிழில் சுற்றுப்பாதை, வட்டணை என்றும் சிலர் எழுதுகிறார்கள். இரண்டுமே சரி. சிக்கல் ‘ஸ்டேபிள்’ என்பதில்தான். ‘நிலையான’ என்று போட்டால் என்றைக்கும் மாறாதது என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

ஒரு குழிக்கரண்டியில் கோலிக்குண்டைப் போட்டுத் தட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆடிவிட்டு அடிக்கே திரும்பும். கரண்டியைக் கவிழ்த்து அதன் முதுகில் வைத்தால்? எப்படியோ நிற்க வைத்துவிட்டாலும் லேசாக ஊதினால் போதும், உருண்டுவிடும். முதலாவதைப் பாடநூல்கள் உறுதிச் சமநிலை என்கின்றன. நமக்கு வேண்டிய சொல் அங்கேயே இருக்கிறது: உறுதி.

வட்டப்பாதையும் இப்படித்தான்: சுற்றும் பொருளை லேசாகத் தட்டினால் பாதையை ஒட்டியே ஆடிக்கொண்டிருந்தால் அது குழிக்கரண்டி, விலகிப் போய்விட்டால் கவிழ்த்த கரண்டி. நியூட்டன் கணக்கில் எவ்வளவு கிட்டே போனாலும் கரண்டியில் குழி இருக்கும். ஐன்ஸ்டைன் கணக்கில் நெருங்க நெருங்கக் குழி ஆழம் குறைந்து, ஓரிடத்தில் தட்டையாகிவிடும். அந்த இடம்தான் ஐஸ்கோ. சுழலாத கருந்துளையில் அது நிகழ்வெல்லை (தாண்டினால் ஒளிகூட வெளியே திரும்ப முடியாத எல்லை) ஆரத்தைப் போல 3 மடங்கு தொலைவில் இருக்கிறது.

சூரியனைப் போல 10 மடங்கு நிறையுள்ள கருந்துளையை எடுத்துக்கொள்வோம். மையத்திலிருந்து நிகழ்வெல்லை சுமார் 30 கி.மீ., ஐஸ்கோ 90 கி.மீ. அங்கே ஒரு சுற்று முடிய 5 மில்லிநொடிகூட ஆகாது. அதற்கும் உள்ளே, 45 கி.மீ. வரை வட்டப்பாதைகள் உண்டு. ஆனால் எல்லாம் கவிழ்த்த கரண்டிகள். சரியாக 45-இல் ஒளி மட்டுமே வட்டமடிக்க முடியும். எனவே சுருக்கமாக ‘உள்ளெல்லை வட்டப்பாதை’ என்று எழுதினால் 90 என்பது 45 ஆகிவிடும்! ‘உள்ளெல்லை உறுதி வட்டப்பாதை’ என்பது என் பரிந்துரை. கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை.

அப்புறம், கருந்துளை சுழன்றால் இந்த எண்கள் மாறும். உச்ச அளவில் சுழலும்போது, சுழலும் திசையிலேயே சுற்றுவதற்கு 90 என்பது 15 வரை இறங்கும். எதிர்த்திசையில் 135-க்கு ஏறும். கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டின் உள்விளிம்பை எக்ஸ் கதிரில் அளந்து, அதன் சுழற்சியைக் கணிப்பது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான்.