சர்க்கரை போடாத ஜூஸில் எவ்வளவு சர்க்கரை?

"மேடம், ஜூஸ்ல நான் சர்க்கரையே போடறதில்ல." ஆலோசனைக்கு வரும் நீரிழிவுக்காரர்கள் பலர் இதைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். சரி, ஜாருக்குள் என்னதான் போடுகிறீர்கள் என்று கேட்டால் ஒரு ஆப்பிள், ஒரு பீட்ரூட், இரண்டு கேரட், அதாவது எல்லோரும் புகழும் அந்த ஏபிசி ஜூஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுத்தர ஆப்பிளில் 18, 19 கிராம் சர்க்கரை, 100 கிராம் பீட்ரூட்டில் 7 கிராம் போல, சின்னக் கேரட் இரண்டில் 5, 6 கிராம். கூட்டினால் 30 கிராமை ஒட்டி வருகிறது. கையால் அள்ளிப் போடவில்லையே தவிர, ஏழு டீஸ்பூன் உள்ளே போய்விட்டது.

அதே ஆப்பிளைக் கடித்துத் தின்றால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. மென்று தின்ன நேரம் ஆகும், வயிறும் நிறையும், நார்ச்சத்து சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். வடிகட்டினால் அந்த நார்தான் சக்கையோடு குப்பைக்குப் போகிறது. சுகர் திடீரென்று இறங்கி மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் உடனே அரை டம்ளர் பழச்சாறு குடிக்கச் சொல்கிறோமே, ஏன்? அது அவ்வளவு வேகமாக சுகரை ஏற்றும் என்பதால்தான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் பழச்சாற்றுச் சர்க்கரை தேனோடும் சீனியோடும் ஒரே கணக்கில்தான் வருகிறது. இந்தச் சர்க்கரை எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது மொத்தக் கலோரியில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது அது.

அப்போ ஜூஸே கூடாதா என்றால், அப்படி இல்லை. எதை அதிகம் போடுகிறோம் என்பதை மாற்றினால் போதும். வெள்ளரியில் 100 கிராமுக்கு 2 கிராம்கூடச் சர்க்கரை இல்லை, கீரையில் அதைவிடக் குறைவு, தக்காளியில் இரண்டரை கிராம் அளவுதான். பழங்களில் எலுமிச்சை ரொம்பக் குறைவு, ஸ்ட்ராபெரி 5 கிராம், தர்பூசணி 6 கிராம். தர்பூசணியில் ஒரு சிக்கல், தண்ணீர்தானே என்று பெரிய டம்ளர் நிறையக் குடித்துவிடுவோம். திராட்சை, மாம்பழம், மாதுளை எல்லாம் 13 முதல் 16 கிராம் வரை போகும், இவற்றைப் பழமாகவே சாப்பிடுங்கள்.

நான் எழுதிக் கொடுப்பது இதுதான்: வெள்ளரி 200 கிராம், ஒரு தக்காளி, அரைக் கேரட், அரை மூடி எலுமிச்சை, துண்டு இஞ்சி, கொஞ்சம் புதினா. மிக்ஸியில் அடித்து வடிகட்டாமல் குடித்தால் மொத்தச் சர்க்கரை 10 கிராமைத் தாண்டாது. முதல் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்பார்கள், அப்புறம் நாக்கு பழகிவிடும். ருசிக்குப் பழம் வேண்டுமென்றால் இரண்டு துண்டு ஆப்பிள் போடலாம். பேரீச்சம்பழம், தேன், நாட்டுச்சர்க்கரை மட்டும் வேண்டாம், "இயற்கைதானே" என்ற வாதம் குளுக்கோமீட்டரிடம் எடுபடாது.

காய்கறி ஜூஸிலும் ஜாக்கிரதை தேவை. சுரைக்காயோ வெள்ளரியோ வாயில் வைத்ததும் கடுமையாகக் கசந்தால் துப்பிவிட்டு மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், அந்தக் கசப்பு நஞ்சாகவே மாறலாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பசலைக்கீரை, பீட்ரூட் ஜூஸ் தினமும் குடிக்க வேண்டாம், இரண்டிலும் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் காய்கறியிலுள்ள பொட்டாசியம் பிரச்சினை, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கீரையிலுள்ள, மருந்தின் வேலையைக் குறைக்கும் வைட்டமின் கே பிரச்சினை. இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மிக்ஸியை ஆன் செய்யாதீர்கள்.