பொதுமைச் சிதறம்: ஒரு பெயரில் இரு பொருள்

ஆற்றலும் துகள்களும் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவைக் குறிக்க, பாடநூல்கள் 'என்ட்ரோபி' என்று ஒலிபெயர்த்து எழுதும் சொல்லை 1865-இல் ஆக்கியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ருடோல்ஃப் கிளாசியஸ். திருப்பம், மாற்றம் எனப் பொருள்படும் 'த்ரோப்பே' என்ற கிரேக்கச் சொல்லை எடுத்து, 'எனர்ஜி' என்பதோடு ஒலியிலும் ஒத்திருக்கட்டும் என்று வேண்டுமென்றே முன்னொட்டுச் சேர்த்தார். அதற்குத் தமிழில் வழங்கும் 'சிதறம்' என்பது 'சிதறு' என்னும் வினையடியாகப் பிறந்தது. வளிம மூலக்கூறுகள் அறையெங்கும் பரவுவதை அது நன்றாகவே உணர்த்தும். ஆனால் கருந்துளைக்கும் அண்டத்துக்கும் இச்சொல்லைக் கொண்டுசெல்லும்போது சிதறுவதற்கு அங்கே எதுவும் கண்ணுக்குத் தென்படுவதில்லை. இயற்பியலாளர்கள் பேக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் 1970-களில் காட்டியபடி, அங்கே சிதறம் என்பது எல்லைப் பரப்பின் நான்கில் ஒரு பங்கு (இயற்கையின் அடிப்படை மாறிலிகளை 1 எனக் கொள்ளும் பிளாங்க் அலகுகளில்). கன அளவு அதில் வருவதே இல்லை.

அந்த எல்லையைக் குறிக்கும் 'ஹொரைசன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கிரேக்க வேர் 'வரம்பு கட்டுவது' என்பதாகும். நமது 'தொடுவானம்' வானம் தொடுவதுபோலத் தோன்றும் இடத்தைச் சொல்கிறது. நோக்குபவரைச் சார்ந்தே எல்லை அமைகிறது என்ற கருத்து அதில் இயல்பாகவே அடங்கியிருப்பதால், அண்டவியலுக்குக் கிரேக்கச் சொல்லைவிட இது பொருத்தம் என்பேன். அண்டத்தில் நோக்குபவரைச் சூழ்ந்த அத்தகைய எல்லையைத் 'தோற்றத் தொடுவானம்' என்போம். தட்டையான அண்டத்தில் அதன் ஆரம், ஒளிவேகத்தை அண்ட விரிவின் வீதமான ஹபிள் அளவால் வகுக்கக் கிடைப்பது; இன்று அது ஏறத்தாழ 1,400 கோடி ஒளியாண்டு. அதற்குரிய வெப்பநிலை 10⁻³⁰ கெல்வின் அளவிலேயே இருக்கும்.

இவ்வளவு குளிர்ந்த எல்லைக்கு வெப்ப இயக்கவியல் எதற்கு? பரப்பும் வெப்பநிலையும், வெப்பத்தையும் சிதறத்தையும் இணைக்கும் வெப்ப இயக்கவியல் உறவின்படி சேர்ந்தால் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளே கிடைக்கும் என்று 1995-இல் இயற்பியலாளர் ஜேக்கப்சன் காட்டினார். 2005-இல் காய், கிம் இருவரும் அதே வழியைத் தோற்றத் தொடுவானத்தில் பின்பற்றி, அண்ட விரிவை ஆளும் ஃப்ரீட்மான் சமன்பாடுகளைப் பெற்றனர். அப்படியானால் சிதறத்தின் வாய்பாட்டை மாற்றினால் விரிவின் விதியும் மாற வேண்டும். 'பொதுமைப்படுத்திய' என்ற அடைமொழி இங்கேதான் நுழைகிறது.

இயற்பியலாளர் சாலிஸ் 1988-இல் முன்வைத்த சிதறமும், அண்டவியலாளர் பாரோ 2020-இல் கருந்துளைப் பரப்பு கொரோனா நச்சுயிரியின் படம்போல மேடுபள்ளமாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பெற்ற சிதறமும் இவ்வகையின. பாரோவின் வாய்பாட்டில் பரப்பின் அடுக்கு 1 அன்று. அதனுடன், மேடுபள்ளத்தின் அளவைக் குறிக்கும் டெல்ட்டா என்ற எண்ணின் பாதி கூடும். டெல்ட்டா 0 என்றால் பழைய வாய்பாடு திரும்பக் கிடைக்கும். 1 என்றால் சிதறம் கன அளவைப் போலப் பெருகும். இம்மாற்றத்தால் ஃப்ரீட்மான் சமன்பாட்டில் கூடுதலாக முளைக்கும் உறுப்புகளை, அண்ட விரிவை முடுக்குவதாகக் கருதப்படும் இருண்ட ஆற்றலாகக் கொள்ளலாம் என்பதே இம்மாதிரிகளின் கவர்ச்சி. ஆயினும் தொடக்க அண்டத்தில் அணுக்கருக்கள் உருவான கதை கெடாதிருக்க, டெல்ட்டா சுமார் 0.00014-ஐத் தாண்டக்கூடாது என்று பாரோவும் உடன் ஆய்ந்தோரும் கணக்கிட்டனர். அந்த அளவு இடமே மிஞ்சுகிறது.

மொழிபெயர்ப்பவர் தடுமாறுவது வேறோரிடத்தில். கருந்துளைப் பரப்பின் சிதறத்தோடு வெளியே உள்ள பருப்பொருளின் சிதறத்தையும் கூட்டிய மொத்தம் ஒருபோதும் குறையாது என்று பேக்கன்ஸ்டைன் முன்மொழிந்தார். ஆங்கிலத்தில் அந்தக் கூட்டுத்தொகைக்கும் பெயர் 'பொதுமைப்படுத்திய சிதறம்' என்பதுதான். அதில் வாய்பாடு மாறுவதில்லை. ஓர் உறுப்பு சேர்கிறது, அவ்வளவே. தமிழில் அதனைக் 'கூட்டுச் சிதறம்' என்றும், பாரோ வகையினதைப் 'பொதுமைச் சிதறம்' என்றும் பிரித்தெழுதினால், ஆங்கில மூலத்தில் உள்ள குழப்பம் தமிழுக்கு வராது.