ப்ரீஆம்ப் வாங்கப் போறீங்களா, முதல்ல பவர் ஆம்ப் மேனுவலை எடுங்க

தனித்தனியா பெட்டி வாங்கி ஸ்டீரியோ சேர்க்கிறவங்க ஸ்பீக்கர், அதை ஓட்டுற பவர் ஆம்ப்புக்கெல்லாம் மாசக்கணக்குல அலசுறாங்க, ப்ரீஆம்ப்னு (ப்ளேயர்ல வர்ற சிக்னலை வாங்கி, வால்யூம் வச்சு பவர் ஆம்ப்புக்கு அனுப்புற பெட்டி) வந்தா மட்டும் பார்க்க நல்லா இருக்கு, பேரும் பெருசுன்னு டக்குனு எடுத்துடுறாங்க. ஆடியோ சர்வீஸ் பண்ற எனக்கு இது உண்மையாவே வருத்தமா இருக்கு, ஏன்னா கோளாறுன்னு கொண்டு வர்ற ப்ரீஆம்ப்ல நிறைய கோளாறே இல்லாததுதான், பவர் ஆம்ப்போட ஜோடி சேராததுதான்.

ஒருத்தர் வந்தார். "சார், ராத்திரி மெதுவா வச்சுக் கேட்டா பாட்டு இடது பக்கமா இழுக்குது, சத்தமா வச்சா சரியாயிடுது"ன்னார். அவர் பவர் ஆம்ப்பையும் கொண்டு வரச் சொல்லி மாட்டிப் பார்த்தேன், வீட்ல கேட்கிற அளவு சத்தத்துக்கு வால்யூம் குமிழ் ஆரம்பத்துலேயே, கொஞ்சம் நகர்ந்த நிலையிலேயே நிக்குது. அந்த இடத்துல அளந்தா ரெண்டு சேனலுக்கும் 3 டெசிபல் வித்தியாசம், குமிழைப் பாதிக்குத் திருப்பினதும் ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. வால்யூம் கன்ட்ரோல் உள்ள ரெண்டு கார்பன் ட்ராக் இருக்கும், ஆரம்ப இடத்துல அது ரெண்டும் ஒத்து ஓடுறது கஷ்டம். ஆக அவரோடது கெட்டுப் போகல, கெய்ன்தான், அதாவது சிக்னலைப் பெருக்குற அளவுதான், ஜாஸ்தி.

கணக்கு போட்டுப் பாருங்க. சிடி ப்ளேயர் அதிகபட்சமா சுமார் 2 வோல்ட் தரும், நிறைய பவர் ஆம்ப்புக்கு 1 வோல்ட், ஒன்றரை வோல்ட் போனாலே முழு பவர் வந்துடும் (உங்களோடது எவ்வளவுன்னு மேனுவல்ல பாருங்க), அப்போ நடுவுல 20 டெசிபல், அதாவது 10 மடங்கு பெருக்குற பெட்டி எதுக்கு? பெருக்கி, பெருக்கினதை வால்யூம்ல அடக்கி, கூடவே இரைச்சலையும் வாங்கிக்கிறோம். டர்ன்டேபிள் இருந்தா அது வேற கதை, எம்எம் (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜ்ல, அதாவது ரெக்கார்டைப் படிக்கிற ஊசிப் பகுதியில, வர்றதே 5 மில்லிவோல்ட் கிட்டதான், அதுக்கு ஆர்ஐஏஏ ஈக்வலைசேஷனோட (ரெக்கார்டுல குறைச்சுப் பதிஞ்ச பாஸையும் கூட்டிப் பதிஞ்ச ட்ரெபிளையும் சமன் பண்றது) ஃபோனோ ஸ்டேஜ்னு தனிப் பெருக்கி கண்டிப்பா வேணும்.

அடுத்தது இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு இருக்கிற தடை, ஓம்ல சொல்வாங்க. பவர் ஆம்ப்போட இன்புட் இம்பீடன்ஸ், ப்ரீஆம்ப்போட அவுட்புட் இம்பீடன்ஸை விட குறைஞ்சது 10 மடங்காவது இருக்கணும். வால்வ் ப்ரீஆம்ப்ல இன்னொண்ணும் பாருங்க, அவுட்புட்ல ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், அது 0.47 மைக்ரோஃபாரட்னா 100 கிலோ ஓம் பவர் ஆம்ப்போட பாஸ் சுமார் 3 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும், அதையே 10 கிலோ ஓம்ல மாட்டினா 34 ஹெர்ட்ஸ்லேயே 3 டெசிபல் விழுந்துடும். பாஸ் இல்லன்னு ஸ்பீக்கரையே மாத்தினவங்க இருக்காங்க, பாவம். பேசிவ் ப்ரீஆம்ப், அதாவது பெருக்காம வால்யூம் மட்டும் குறைக்கிறது, தப்பில்ல, ஆனா ஒயர் நீளமா போனா மேல் ஸ்தாயி மங்கிடும், சின்ன ஒயர்னா தாராளமா வைங்க.

ரிமோட், டிஸ்ப்ளே எல்லாம் உங்க இஷ்டம்.

கேட்டுப் பார்க்கும்போது உங்க பவர் ஆம்ப்போடயே, மெதுவான சத்தத்துல கேளுங்க. பவர் ஆம்ப் ஆஃப்ல இருக்கும்போதே ப்ரீஆம்ப்பை ஆன் பண்ணிட்டு அவுட்புட்ல மீட்டர் வைங்க, டிசி வோல்ட் நிலையா நின்னா வேண்டாம், அது வூஃபர் காயிலைச் சுட்டுடும். மியூட்டிங் ரிலே (ஆன், ஆஃப் பண்ணும்போது வர்ற 'டப்' சத்தத்தை அடைக்கிற சுவிட்ச்) இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா எப்பவும் பவர் ஆம்ப்பை கடைசியா ஆன் பண்ணி முதல்ல ஆஃப் பண்ணுங்க. ஏற்கனவே கெய்ன் ஜாஸ்தியானதை வாங்கிட்டீங்களா, விக்க வேண்டாம், பவர் ஆம்ப் இன்புட்ல 10 டெசிபல் அட்டனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கிற சின்ன பிளக்) ஒரு ஜோடி சொருகிக் கேளுங்க. முதல்ல சொன்னேனே, அவருக்கும் நான் அதைத்தான் போட்டுக் கொடுத்தேன், இப்போ குமிழ் நடுவுக்குக் கிட்ட நிக்குது, ராத்திரியும் பாட்டு நடுவுலயே இருக்கு.